அவர் எண்ண வேண்டிய கைகள்

பெரிய சார் ஒரு நாள் எழுந்து நின்று, தனக்கு எதிராகத் தூக்கிய கைகளைத் தன் வாயாலேயே எண்ண வேண்டும். அதை என் அம்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். சாமி கும்பிடும்போதுகூட இதையே கேட்டிருக்கிறேன். நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொள்ளச் சொல்லி என்னைச் சன்னிதி முன்னால் நிறுத்திய அம்மாவுக்கு அது தெரியாது.

பெரிய சார் எங்கள் பள்ளியை ஆரம்பித்து நடத்தியவர். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் போகும் தெருவில், ஒரு பழைய சுக்குக் கிடங்கை வாங்கிச் சுண்ணாம்பு அடித்துப் பள்ளியாக்கியிருந்தார். எத்தனை முறை அடித்தும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து சுக்கு வாசனை வரும். பின்பக்கம் கதவைத் திறந்தால் கல்படி, படிக்குக் கீழே காயல். சரக்கு ஏற்றிய வள்ளங்கள் அங்கேதான் வந்து கட்டும்.

நீங்கள் நினைக்கிற மாதிரிப் பள்ளிக்கூடம் இல்லை அது. பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது, ராங்கு கிடையாது. பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். வட்டத்தில் முதல் பெஞ்சு கடைசி பெஞ்சு என்று இருக்காதாம். ஆசிரியர்களை அண்ணன், அக்கா மாதிரி சேட்டன், சேச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். எல்லோரும் சமம். அவர் மட்டும் எப்படியோ சார் ஆகிவிட்டார், அதுவும் பெரிய சார். அந்த வயதில் அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பல விஷயம் முன்கூட்டியே புரிந்திருக்கும்.

என் அம்மா அங்கே ஆயா. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். அப்பா மிளகுக் கிடங்குகளில் சாக்குத் தைப்பவர். அம்மா காலையில் பள்ளியைப் பெருக்குவாள், மத்தியானம் எல்லோருக்கும் கஞ்சியும் பயறும் ஆக்குவாள், சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுவாள், தலை கலைந்த பெண்களுக்குப் பின்னிவிடுவாள். அதற்குச் சம்பளமும் உண்டு, எனக்குச் சும்மா படிப்பும் உண்டு. சமமான பள்ளி என்பதால் பெரிய சாரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து அம்மா ஆக்கிய கஞ்சியைத்தான் குடிப்பார். பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல அவர் மறந்ததே இல்லை.

அந்தப் பள்ளியின் உயிர், சனிக்கிழமைச் சபை. நாங்களே விதி போடுவோம், நாங்களே வழக்கு விசாரிப்போம், நாங்களே கை தூக்கித் தீர்மானிப்போம். அங்கே ஒரு வருஷம் படித்தவரும் ஒரு வருஷம் வேலை பார்த்தவரும் என்றைக்கும் சபையின் உறுப்பினர் என்று சபை தொடங்கும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அடுத்ததாக முதல் விதியைச் சொல்வோம்: எந்தக் குழந்தை மேலும் எவருடைய கையும் படக்கூடாது. ஆசிரியரோ ஆயாவோ பெரிய சாரோ, மீறினால் சபை முன்னால் நிற்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேறு எந்தப் பள்ளியிலும் அதை நான் கேள்விப்பட்டதில்லை. யார் மேல் வழக்கோ அவரே கைகளை எண்ண வேண்டும். சத்தமாக, ஒவ்வொரு கையாக, கை தூக்கியவரின் முகத்தைப் பார்த்து. எண்ணியவரே சொன்னால் பின்னால் யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுக்க முடியாது, தோற்றதைத் தன் வாயால் சொல்லப் பழகியவன்தான் நல்ல குடிமகன் ஆவான் என்று பெரிய சார் விளக்குவார். பக்கத்து வீட்டு மாமரத்தில் கல்லெறிந்ததற்காக நானே ஒரு தடவை எண்ணியிருக்கிறேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான் அந்தச் சபையை நேசித்தேன், அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பிறகு அத்தனை எரிந்தது.

நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். பெரியவர்கள் சாயாக் கடையில் பேசும்போதுகூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். வெளியே ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, எங்கள் கிடங்குக்குள் பிள்ளைகள் எழுந்து நின்று பெரியவர்களைக் கேள்வி கேட்கிறோம் என்றால் பார்க்க ஆள் வராமல் இருக்குமா? டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கதர் ஜிப்பாவும் கைத்தறிப் புடவையுமாக வருவார்கள். ஒரு வாரம் அப்படி ஒரு கூட்டம் வந்து தங்கியிருந்தது. சனிக்கிழமைச் சபையைப் பார்த்துவிட்டுத்தான் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து வழக்கு ஒன்றுமே இல்லை. பென்சில் காணாமல் போன வழக்கு ஒன்று இருந்தது, அந்தப் பென்சிலும் புதன்கிழமை கிடைத்துவிட்டது. பெரிய சார் முகத்தில் ஒரு தவிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா பின்படியில் உட்கார்ந்து கஞ்சிப் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது, படி முழுக்கப் பாசி. எங்களோடு படித்த ஒரு பையன் படியில் இறங்கி, கட்டியிருந்த வள்ளத்துக்குத் தாவப் பார்த்தான். மிளகு வியாபாரியின் மகன் அவன். பள்ளியின் விளையாட்டு முற்றம் அவன் அப்பாவுடையது, இரவல் கொடுத்திருந்தார். வள்ளம் நகர்ந்தது, பையன் கால் வழுக்கியது. வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இடுப்பு வரைக்கும் போய்விட்டவனை அம்மா தலைமுடியைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். போட்ட கையோடு கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எங்கள் தெருவில் இது இப்படித்தான். சைக்கிளில் அடிபடாமல் தப்பி வந்தால் முதலில் அடி, அப்புறம்தான் கட்டிப்பிடிப்பது. தொலைந்துபோய்க் கிடைத்தால் முதலில் அடி. பயம் அங்கே கை வழியாகத்தான் வெளியே வரும். அடி வாங்கிய எங்களுக்கும் அதன் அர்த்தம் தெரியும். வாங்காவிட்டால்தான் சந்தேகம் வரும். அம்மா தன் பிள்ளைக்குச் செய்வதை அந்தப் பையனுக்குச் செய்தாள், அவ்வளவுதான். அவனும் புகார் சொல்லவில்லை. ஈர டிராயரோடு ஓடி வந்து, தான் சாகப் பார்த்த கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரிய சார்தான் அவன் கன்னத்தைப் பார்த்தார். அம்மாவின் விரல் பதிந்திருந்தது. அவனைப் பக்கத்தில் அழைத்து, தோளில் கை போட்டு, விருந்தாளிகளுக்கும் கேட்கிற மாதிரி, "மோனே, இந்த விஷயத்தைச் சபையில சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டார். அவன் முழித்தான். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவன் தலையாட்டினான். வழக்கு கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை அம்மா வட்டத்துக்கு நடுவில் நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். விருந்தாளிகள் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்காக மட்டும் நாற்காலி வந்திருந்தது. அந்த வாரச் சபைத் தலைவன் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் கேட்டான், "சேச்சி அடிச்சோ?"

"அடிச்சேன்" என்றாள் அம்மா.

"பிடிச்சு நிறுத்தினா போதாதா?"

"புடிச்சேன். பெறகு அடிச்சேன். பயந்துட்டேன் சாரே, புள்ள செத்துருக்கும்." அவள் பதில் சொன்னது அந்தப் பையனுக்கு இல்லை. கண் முழுக்க அவரிடம்தான் இருந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துப் பேசினார். சேச்சி நல்லவர், அது கேள்வியில்லை என்றார். உயிரைக் காப்பாற்றினார், அதற்கு நன்றி சொல்வோம் என்றார். நன்றி வேறு, விதி வேறு என்றார். நல்லவருக்காக ஒரு தடவை வளைத்த விதி கெட்டவருக்காகவும் வளையும், வெளியே நாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்றார். ஒரு பெண் எழுந்து, சேச்சி மன்னிப்புக் கேட்டால் போதுமே என்றாள். "போதுமா? யோசியுங்கள். முதல் விதி இது" என்றார் அவர் மெதுவாக. அந்தக் குரலுக்கு நாங்கள் பழகியிருந்தோம். அவர் யோசியுங்கள் என்றால் நாம் சொன்னது தப்பு என்று அர்த்தம். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். பிறகு யாரோ சொன்னார்கள், சேச்சி இனி இங்கே வேலை பார்க்க வேண்டாம் என்று. அதற்கு அவர் யோசியுங்கள் என்று சொல்லவில்லை.

கைகள் எழுந்தன. சேச்சியே எண்ணட்டும் என்றான் தலைவன். பெரிய சார் அம்மாவிடம், எல்லோருக்கும் புரிய வேண்டுமே, மலையாளத்தில் எண்ணிவிடு என்றார்.

அம்மா எண்ணினாள். ஒந்நு, ரெண்டு, மூந்நு. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் எண்ண வேண்டும் அல்லவா? அந்த முகம் எல்லாம் அவள் துடைத்துவிட்ட முகம். பத்து வரைக்கும் சரியாகப் போனாள். அதற்கு மேல் மலையாளம் தடுமாறித் தமிழுக்கு வந்தாள், மறுபடி மலையாளத்துக்குப் போனாள். முடித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னெ எண்ணியில்லா." என்னை எண்ணவில்லை என்று சொன்னவள் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. அம்மா தினமும் தலை பின்னிவிடும் பெண். அவளுக்கு அம்மா மேல் ஒரு கோபமும் கிடையாது. விதிப்படி எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எங்களை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்.

பெரிய சார் இரக்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். "சாரமில்ல. ஆத்யம் முதல் எண்ணிக்கோளூ" என்றார். பரவாயில்லை, முதலிலிருந்து எண்ணிக்கொள்.

முதலிலிருந்து எண்ணினாள். பிறகு, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றான் தலைவன். நான் தூக்கினேன். வேறு ஒருவரும் தூக்கவில்லை. அதையும் அம்மாதான் எண்ண வேண்டும். என் முகத்தைப் பார்த்து "ஒந்நு" என்றாள்.

விருந்தாளிகளில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த நாட்டுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். நாசமாய்ப் போகட்டும் அவள் நம்பிக்கை. அன்று சாயங்காலம் அப்பா அவரைப் பார்க்கப் போனார். தீர்ப்பு சபையுடையது, தன்னுடையது இல்லை, அதில் தலையிட்டால் பிள்ளைகளுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகள் படிப்பு சும்மாவே தொடரும் என்றும் சொன்னாராம். எத்தனை பெரிய மனசு!

அம்மா சுக்குக் கிடங்கில் பொறுக்கும் வேலைக்குப் போனாள். காலையிலிருந்து இருட்டும்வரை தரையில் குத்துக்காலிட்டுச் சொத்தைச் சுக்கைத் தனியே எடுக்கிற வேலை. தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறும். அந்த இருமல் கடைசிவரை அவளை விடவில்லை. நான் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறேன் என்றபோது, "ஒழுங்கா போய்ப் படி. அவன்கிட்ட உள்ளதெல்லாம் எடுத்துட்டு வா" என்றாள். அதற்கப்புறம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அதற்காக அவள் மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

படித்தேன். பாடத்தைவிடச் சபையைப் படித்தேன். தீர்மானத்தை எப்படிச் சொல்வது, யார் வழிமொழிவது, தலைவர் பேச்சை வெட்டும்போது எந்த விதியைச் சொல்லி எழுந்து நிற்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து நானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வியாபாரி எங்கள் விளையாட்டு முற்றத்தில் மிளகு காயப்போட ஆரம்பித்திருந்தார். மாதக்கணக்கில் விளையாட இடமில்லை. முற்றத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு எல்லாக் கையும் எழுந்தது, வியாபாரி மகன் கைகூட எழுந்தது. பெரிய சார் தொண்டையைச் செருமினார். இது நல்ல பயிற்சி, ஆனால் இப்படிப்பட்ட விஷயம் சபையின் அதிகாரத்துக்குள் வராது என்றார். ஆயாவின் சோறு வரும், வியாபாரியின் மிளகு வராது. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

பள்ளி முடித்து டைப்ரைட்டிங் கற்று, துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலங்களில் சுக்குப் பொறுக்கும் பெண்களுக்குச் சங்கம் கட்டினேன். முதல் கூட்டத்தில் யாருக்கும் எழுந்து பேச வரவில்லை. பாய் விரித்து வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். தீர்மானம் போடவும் கை எண்ணவும் சொல்லித் தந்தேன். முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது எங்கள் பெண்கள் திகைக்கவில்லை. இந்த வித்தை எல்லாம் எனக்கு யார் கொடுத்தது? அவர்தான். அது நினைவு வரும்போதெல்லாம் வாய் கசக்கும். வேறு யாரிடமாவது கற்றிருக்கக் கூடாதா என்று இருக்கும்.

எண்பதுகளில் தெருவே மாறியது. கல்ஃப் பணம் வந்தது, எல்லோருக்கும் பிள்ளை இங்கிலீஷில் பேச வேண்டும் என்று வந்தது. எங்கள் கிடங்குப் பள்ளிக்கு டையும் ஷூவும் வந்தன, பெஞ்சும் ராங்கும் வந்தன. பாயைச் சுருட்டி மச்சில் போட்டார்கள். சனிக்கிழமைச் சபை நின்றுபோய், வருஷத்துக்கு ஒரு நாள் பொதுக்குழு என்று பெயருக்குக் கூடும். பழைய மாணவர் கொஞ்சம் பேர் வருவார்கள், சாயாவும் பழம்பொரியும் கிடைக்கும், பெரிய சார் பேசுவார், கை தட்டிவிட்டுப் போவார்கள். உறுப்பினர் விதியும் முதல் விதியும் மட்டும் வாசல் சுவரில் பெரிய எழுத்தில் அப்படியே இருந்தன. பார்க்க வருகிறவர்களுக்கு இன்னமும் அது பிடித்திருந்தது.

அப்படி இருக்கும்போது அம்மாவோடு சுக்குப் பொறுக்குகிற ஒருத்தியின் மகள், ரெண்டாம் கிளாஸ், வீங்கிய கையோடு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் மலையாளம் பேசினதற்குப் பிரம்படி. தாய்க்காரி போய்க் கேட்டபோது பெரிய சார், "இப்போ மாதாபிதாக்கள் இதைத்தான் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய?" என்றாராம். பெற்றோரே கேட்கிறார்கள் என்று பெற்றவளிடமே சொல்லியிருக்கிறார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தேன். வயிறு எரிந்தது, உண்மை. அதோடு கூடவே, எத்தனையோ வருஷம் பூட்டிக் கிடந்த கதவின் சாவி கையில் விழுந்த மாதிரி ஒரு சந்தோஷமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் புண்ணியவதி இல்லை.

பொதுக்குழுவுக்கு ஒரு மாதம் இருந்தது. வேலை முடிந்ததும் தெருத் தெருவாக நடந்தேன். பழைய மாணவர்களைத் தேடினேன். அங்கே வேலை பார்த்துவிட்டுப் போனவர்களைத் தேடினேன். காவல்காரர், தோட்டக்காரர், அம்மாவுக்குப் பிறகு கஞ்சி ஆக்கியவள். ஒரு வருஷம் வேலை பார்த்தவரும் என்றைக்கும் உறுப்பினர் என்பது அவர்களுக்கும் மனப்பாடம்தான். அது தங்களைச் சொல்கிறது என்று மட்டும் அவர்களில் ஒருவரும் எடுத்துக்கொண்டதில்லை. வியாபாரி மகன் இப்போது அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தான், தொப்பை விழுந்திருந்தது. என் தீர்மானத்தை வழிமொழிவாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி வாங்கியது அவனுக்கு நினைவே இல்லையாம். காலுக்குக் கீழே தண்ணீர் இருந்ததும், முடியைப் பிடித்து யாரோ இழுத்ததும்தான் இன்னும் கனவில் வருகிறதாம். வருகிறேன் என்றான்.

அம்மாதான் வர மாட்டேன் என்றாள். "எனக்கெதுக்குடி அந்தக் கச்சேரி? மூச்சு வாங்குது." கெஞ்சினேன், கத்தினேன். உனக்காகத்தான் இதெல்லாம் என்று சொன்னேன். "எனக்காகவா?" என்று என்னைக் கூர்ந்து பார்த்தாள். மறுநாள் காலையில் கேட்காமலே பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

கூட்டத்தன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வட்டம் இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பெரிய சாருக்கே ஆச்சரியம், வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். முடி நரைத்து, முன்பைவிட அழகாக இருந்தார். அம்மா கடைசி வரிசைக்கும் பின்னால், சாயாப் பாத்திரம் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வா என்றேன், இருமல் வரும் என்றாள்.

அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்தேன். முதல் விதியை எல்லோர் முன்னாலும் சொன்னேன். குழந்தையின் கையைச் சொன்னேன். அடித்தவரை அவர் காப்பாற்றியதைச் சொன்னேன். இந்த விதியை மீற விட்டவர் பள்ளியின் தலைமையில் இருக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். வியாபாரி மகன் எழுந்து வழிமொழிந்தான். கூட்டத்தில் சலசலப்பு. யாரோ ஒருவர், இப்படிப்பட்டதற்கு ரகசியச் சீட்டுதான் மரியாதை என்றார். இந்தச் சபையில் கைதான் வழக்கம், யார் மேல் வழக்கோ அவர் எண்ணுவதும் வழக்கம் என்றேன். அத்தனை வருஷம் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

அவர் முகம் வாடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். மனம் நிறைந்த சிரிப்பு! கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பாருங்கள், இந்தக் குட்டி நம்ம பள்ளியில் படித்தவள். யாருக்கும் பயப்படாமல், விதியைச் சொல்லி, என்னையே கேள்வி கேட்கிறாள். நான் இதற்குத்தானே இந்தப் பள்ளியை ஆரம்பித்தேன்? இன்றைக்கு நான் தோற்றாலும் எனக்கு ஜெயம்தான்" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். என்னோடு வந்தவர்களில்கூட ரெண்டு பேர் தட்டினார்கள். அத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததை இந்த மனிதர் ஒரு நிமிஷத்தில் வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டார். என் கோபத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அங்கேயே போய் அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். நான் அந்த அம்மாவின் மகள்தானே.

கைகள் எழுந்தன. நிறைய எழுந்தன. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். ஒரு அவசரமும் இல்லை. பாடம் நடத்துகிற மாதிரி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தலையசைத்து, சின்ன வயதுப் பெயர் நினைவு வந்தால் அதையும் சொல்லி எண்ணினார். நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி கண் முன்னாலேயே நடந்தது. ஆனால் அவருக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. கடைசி வரிசைவரை போய், எண்ணிக்கையைச் சொல்லி, பாதிக்கு மேல் கைகள் இருக்கின்றன, தீர்மானம் நிறைவேறியது என்று அவரே அறிவித்தார். மறுபடி கை தட்டல். சாயா குடிக்கலாம் என்று ஜனங்கள் எழ ஆரம்பித்தார்கள்.

"சாரே."

சாயா மேசைப் பக்கமிருந்து வந்தது. அம்மாவின் கை தூக்கியபடியே இருந்தது. சுக்குத் தோலும் தூசியும் ஏறிக் கறுத்து வெடித்த கை. எத்தனை நேரமாக அப்படி வைத்திருந்தாளோ. சாயா ஊற்ற வந்தவள் என்று நினைத்து அவர் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார்.

"என்னெ எண்ணியில்லா" என்றாள்.

அவர் திரும்பினார். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "அம்மா, தீர்மானம் ஜெயித்துவிட்டதே. ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் மாற்றமில்லை" என்றார் அன்பாக.

அம்மா இருமினாள். இருமி முடிக்கும்வரை கூடமே காத்திருந்தது. வீட்டில் மலையாளம் பேசினால் பாதி தமிழ் கலந்துதான் பேசுவாள் அவள். அன்றைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல், அவர் குரலின் ஏற்ற இறக்கம்கூடத் தவறாமல் சொன்னாள்.

"சாரமில்ல சாரே. ஆத்யம் முதல் எண்ணிக்கோளூ."

அப்போதுதான் அவருக்கு அவள் யார் என்று தெரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு எப்படிப் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு போனது. என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. எழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். வியாபாரி மகன் தன் கையைத் திரும்பத் தூக்கினான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். முதலில் கை தட்டிய அந்த ரெண்டு பேரும் தூக்கினார்கள்.

பெரிய சார் முதல் வரிசைக்குத் திரும்பி நடந்தார். "ஒந்நு" என்றார். சத்தம் வரவில்லை. கேட்கவில்லை சாரே என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள். கையை இன்னும் இறக்கவில்லை.